ராமநாதபுரம் கார் ஷோரூமுக்கு எழுத ஆள் தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். கீழக்கரையிலிருந்து அப்பாவும் மகனுமாக எங்கள் ஷோரூமுக்கு வந்தார்கள். மகன் துபாயில் வேலை பார்க்கிறவர், லீவு முடியச் சில நாள்தான் பாக்கி. எந்த வண்டி, என்ன கலர் எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கையில் நாலாக மடித்த ஒரு தாள். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை எப்படிக் கணக்குப் போடுவது என்று எங்கள் வெப்சைட்டிலேயே ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டியிருந்தார் மகன். சாலை வரி என்ற இடத்தில் 15 சதவீதம் என்று இருந்தது.

அந்தப் பக்கம் 2022-ல் எழுதியது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் கார்களுக்கான சாலை வரி மாறிவிட்டது. முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 என இரண்டே படி. இப்போது நான்கு: 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேலே 20. வண்டி விலை 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால் எங்கள் பக்கத்தின்படி வரி 1,80,000 ரூபாய். உண்மையில் கட்ட வேண்டியது 2,16,000. முப்பத்தாறாயிரம் இடித்தது.

"உங்க வெப்சைட்டை நம்பித்தானே தம்பி கணக்குப் போட்டு வந்தோம்" என்றார் பெரியவர். சத்தம் போடவில்லை. "விடுங்க வாப்பா, அரசாங்கம் ஏத்துனதுக்கு அவங்க என்ன செய்வாங்க" என்று மகன் எங்களுக்காகவே பேசினார். ஆனால் அன்று புக் செய்யாமல்தான் கிளம்பினார்கள். வரியை ஏற்றியது அரசாங்கம்தான். ஏறிய பிறகும் பழைய கணக்கைப் போட்டு வைத்திருந்தது நாங்கள். விசாரிப்புகளும் வெப்சைட்டும் என் பொறுப்பு என்பதால் அந்த மடித்த தாள் வெகுநாள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வெப்சைட்டில் என்ன இருந்தது

அன்று ராத்திரி எங்கள் பக்கங்கள் எல்லாவற்றையும் முதல் தடவையாக முழுசாக உட்கார்ந்து படித்தேன். மாடல் பக்கங்கள் எல்லாம் கம்பெனி பிரசுரத்தின் ஆங்கிலத்தை வரிக்கு வரி தமிழாக்கியவை. "வளைந்து நெளியும் மலைப்பாதைகளில் நிகரற்ற கட்டுப்பாடு" என்று ஒரு வரி. எங்கள் மாவட்டத்தில் மலையே கிடையாது. பரமக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரோடு தட்டையாகத்தான் போகிறது. "உங்கள் கனவு வாகனத்தை இன்றே சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்" என்பது மட்டும் ஒன்பது பக்கத்தில் இருந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அதே கம்பெனி வண்டியை விற்கும் மற்ற ஊர் டீலர்களும் அதே பிரசுரத்தைத்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பத்து இடத்தில் ஒரே எழுத்து இருந்தால், தேடுகிறவருக்கு எங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டக் கூகுளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

அதை எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நாங்கள் அனுப்பியதே பிரசுரமும் வார்த்தைக்கு இவ்வளவு என்ற கூலியும்தான். அவர் ராமநாதபுரத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. வரச் சொல்லி நாங்களும் கூப்பிடவில்லை.

போன் நோட்டு

எங்கள் வரவேற்பில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு நல்ல பழக்கம். போனில் யார் என்ன கேட்டாலும், கேட்டவர் வாய் வார்த்தையிலேயே நோட்டில் எழுதி வைப்பார். விற்பனைப் பையன்கள் அதில் நம்பரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நான் கேள்விகளைப் படித்தேன்.

"கடலுக்குப் பக்கத்துல வீடு. வண்டி எத்தனை வருசம் தாங்கும்?" "அரிச்சல்முனை மணல்ல எறக்கலாமா?" "நான் கத்தார்ல இருக்கேன், தம்பி பேர்ல எடுத்துட்டு அப்புறம் என் பேருக்கு மாத்தலாமா?" "ராமேஸ்வரம் வர்ற யாத்திரைக்காரங்களுக்கு ஓட்டணும், மஞ்சள் போர்டு போட்டா தவணை மாறுமா?" "தடைக்காலத்துல தொழில் கெடையாது. அந்த ரெண்டு மாசம் தவணையைத் தள்ளிப் போடுவாங்களா?"

கடைசிக் கேள்வியின் கனம் கரைக்காரர்களுக்குத்தான் தெரியும். இந்தக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். தவணைத் தேதி நிற்காது. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட எங்கள் வெப்சைட்டில் பதில் இல்லை. பனோரமிக் சன்ரூஃப் பற்றி மட்டும் மூன்று பத்தி இருந்தது.

அந்த நோட்டுதான் எங்கள் தேர்வுத் தாள் என்று முடிவு செய்தேன்.

மூன்று பேர்

விளம்பரம் கொடுத்ததில் வந்தவர்களை வடிகட்டி மூன்று பேரை நிறுத்தினோம். பழைய எழுத்து மாதிரி எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் இங்கே வரச் செலவும், எழுதித் தரும் ஒரு பக்கத்துக்குக் கூலியும் கொடுத்தோம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கூலி உண்டு. கேள்வி மூவருக்கும் ஒன்றுதான். தங்கச்சிமடத்துக்காரர், ஏழு சீட் வண்டி எடுக்கப் போகிறார், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. வண்டியைத் துரு பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது? நோட்டைப் பார்க்கலாம், ஒர்க்ஷாப்பில் யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம்.

முதலாவது, ஒரு ஏஜென்சி. ஆள் வரவில்லை, "ஃபோன்லயே பேசிக்கலாம் சார்" என்றார்கள். ஒரு பக்கம் கேட்ட இடத்தில் பதினான்கு பக்கம் வந்தது. "மண்டபத்தில் சிறந்த கார் டீலர்", "தொண்டியில் சிறந்த கார் டீலர்", "சாயல்குடியில் சிறந்த கார் டீலர்" என்று ஊர்ப்பெயர் மட்டும் மாறிக்கொண்டே போனது. தேடலில் சிக்குவதற்காகவே ஊர்ப்பெயரை மாற்றி மாற்றி அடுக்கும் பக்கங்களைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பாம் என்றே வைத்திருக்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். தொண்டிப் பக்கத்தில் "பாம்பன் பாலத்தைக் கடந்து எங்களிடம் வாருங்கள்" என்று எழுதியிருந்தது. தொண்டிக்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் வருகிறவர். பாலம் இருப்பது நேர் எதிர்த் திசையில்.

இரண்டாவது, சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி. கார் விமர்சனம் எழுதுகிறவர், வண்டியை உண்மையிலேயே நேசிக்கிறவர். துத்தநாகம் பூசிய தகடு எப்படித் துருவைத் தள்ளிப் போடுகிறது, பெயின்டுக்கு அடியில் பிரைமர் என்ன வேலை செய்கிறது, அண்டர்பாடி கோட்டிங்கை எப்போது அடிக்க வேண்டும் எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருந்தார். ஒரு தப்பு கிடையாது. முடிவில் ஒரு வரி: "கடற்கரைப் பயணம் முடிந்து வீடு திரும்பியதும் வண்டியை நன்றாகக் கழுவுங்கள்." தங்கச்சிமடத்துக்காரர் எங்கே போய் வீடு திரும்புவார்? அவர் வீடே அங்கேதானே.

மூன்றாவது, உச்சிப்புளியைச் சேர்ந்த ஒரு அக்கா. பத்திரிகைகளுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்பியவர். குடிநீர் லாரி வரவில்லை, கருவேலம் மண்டிக் கண்மாய் தூர்ந்துவிட்டது, முண்டு மிளகாய் விலை இறங்கிவிட்டது, இப்படி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். எங்கள் சேல்ஸ் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஓட்டவே தெரியாதவங்க எழுதி யார் நம்புவா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கும் பதில் தெரியவில்லை.

லிஃப்டுக்குக் கீழே

அக்கா ஷோரூமில் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. "தங்கச்சிமடத்துல ஓடுன வண்டி ஏதாவது சர்வீஸ்ல நிக்குதா?" என்று கேட்டுவிட்டு நேரே பின்பக்கம் ஒர்க்ஷாப்புக்குப் போனார்.

ஒன்று நின்றது. ஆறு வருடம் ஓடிய ஏழு சீட் வண்டி, வெளியே பார்க்கப் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. மெக்கானிக் தம்பி லிஃப்டில் ஏற்றினார். கதவுக்குக் கீழே ஓடும் மடிப்பில் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் பொத் என்று கேட்டது. முனையைத் திருப்பி அழுத்தினார். தகடு பிஸ்கட் போல உள்வாங்கியது.

பிறகு வண்டியை இறக்கி, பின்கதவின் அடி ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறினார். முதலில் ஈர மணல் உதிர்ந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கி, அரை டம்ளர் அளவுக்கு நிற்காமல் வந்தது. நான் தடுப்பதற்குள் அக்கா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"கரிக்குது" என்றார்.

கண்ணாடி ஓரமாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அது வெளியே போகத்தான் அந்த ஓட்டை என்று தம்பி விளக்கினார். காற்றில் வரும் உப்பு அந்தத் தண்ணீரோடு உள்ளே போகிறது. மணல் ஓட்டையை அடைத்துவிட்டால் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். அப்படித் தங்கும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால், மழை இல்லாத மாதத்திலும் அந்த இடம் முழுசாகக் காய்வதில்லை.

"எல்லா வண்டியிலயும் இந்த ஓட்டை இருக்குமா தம்பி?"

"எல்லா வண்டியிலயும் இருக்கும்க்கா."

"வண்டிக்காரங்களுக்குத் தெரியுமா?"

தம்பி என்னைப் பார்த்தார். "நாங்க சொன்னதில்லக்கா."

மறுநாள் அக்கா அனுப்பிய பக்கம் இப்படித் தொடங்கியது:

"கதவைத் திறந்து, அடி ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன ஓட்டை தட்டுப்படும். அதில் மணல் அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தென்கடல் பக்கம் வீடு என்றால் கச்சான் அடிக்கும் மாதங்களிலும், வடகடல் பக்கம் என்றால் வாடைக்காற்றிலும் கூடுதல் கவனம் தேவை. கழுவும்போது நல்ல தண்ணீரை வண்டிக்கு அடியில்தான் அதிக நேரம் அடிக்க வேண்டும். உப்பு அங்கேதான் தங்கும். காலையில் பிரேக் டிஸ்க்கில் மெல்லிசாகத் துரு தெரிந்தால் பயப்படாதீர்கள். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கதவு மடிப்பில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் மட்டும் தள்ளிப் போடாமல் உடனே வாருங்கள்."

அதை ஒர்க்ஷாப்பில் சத்தமாகப் படித்தேன். மதுரையிலிருந்து வந்து சேர்ந்த சர்வீஸ் அட்வைசர் ஒருவர், "கச்சான்னா எந்த மாசம் சார்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கச்சான் என்பது இந்தக் கரையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. இப்போது மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் வண்டிகளின் ஜாப் கார்டில் கதவு ஓட்டை பார்த்தாயிற்றா என்று ஒரு கட்டம் இருக்கிறது. வெப்சைட்டுக்கு எழுதிய ஒரு பத்தி ஒர்க்ஷாப் வேலையை மாற்றும் என்று நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

அக்காவை எடுத்தோம். சென்னைத் தம்பியையும் விடவில்லை. வேரியன்ட் ஒப்பீடும் பாதுகாப்பு பற்றிய பக்கங்களும் அவருடையவை. வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில்தான் தொடங்கியது, நட்சத்திரம் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி, ஒரு மாடல் வாங்கியதை அதே கம்பெனியின் இன்னொரு மாடலுக்கு ஏற்றிச் சொல்லக் கூடாது. இதையெல்லாம் பிசகாமல் எழுத அவர்தான் சரியான ஆள். ஒரே ஒரு எழுத்தாளரைத் தேடுகிறோம் என்று நினைத்துத் தொடங்கியதே தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

தப்புகள்

முதல் மாதம் பழைய வழக்கப்படி வார்த்தைக் கணக்கில் கூலி கொடுத்தேன். பக்கங்கள் இழுபட ஆரம்பித்தன. அக்காவே வந்து, "ரெண்டு வரியில முடியற சங்கதி தம்பி, உங்க கணக்குக்காக வளக்குறேன்" என்றார். பக்கத்துக்கு இவ்வளவு, ஒர்க்ஷாப்புக்கு வந்து போகும் நாளுக்கு இவ்வளவு என்று மாற்றினோம்.

இரண்டாவது தப்பு பெரியது. இன்சூரன்ஸ் பக்கத்தில் "புது வண்டிக்கு 3 வருட இன்சூரன்ஸ் உண்டு" என்று அக்கா எழுதியிருந்தார். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு 3 வருடம் கட்டாயமாக்கப்பட்டது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கிறவர்கள் நிறைய. அந்த வரியை நம்பி ஒருவர் இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விட்டு, வண்டி எங்காவது மோதினால்? இன்சூரன்ஸ் மேஜையில் இருக்கும் அண்ணன், பக்கம் வெளியே போகும் முன் பார்த்துவிட்டதால் தப்பித்தோம். அவர் பார்த்தது தற்செயல்தான். அன்றிலிருந்து விலை, வரி, கடன், இன்சூரன்ஸ் பக்கம் எதுவானாலும் அந்தந்த மேஜைக்காரர் படித்துக் கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது. பக்கத்தின் மேலே தேதியும் உண்டு.

மொழி விஷயத்திலும் கொஞ்சம் இழுபறி. ஊர்தி, நிறுத்தி, மகிழுந்து என்றே எழுதலாம் என்று எங்களில் ஒருவர் ஆசைப்பட்டார். எனக்கும் அந்தச் சொற்களின் மேல் மரியாதை உண்டு. ஆனால் போன் நோட்டில் ஒருவர்கூட மகிழுந்து என்று கேட்டதில்லை. வண்டி, பிரேக், கிளட்ச், மைலேஜ் என்றே வைத்துக்கொண்டோம்.

தடைக்காலத் தவணைப் பக்கத்துக்குத்தான் பெரிய சண்டை. அக்கா எழுதியது இது: "தவணைத் தேதியை மாற்றும் அதிகாரம் ஷோரூமுக்கு இல்லை. அது கடன் கொடுப்பவர் கையில். கையெழுத்துப் போடும் முன் அவரிடம் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஏப்ரல், மே, ஜூன் தவணைகளை முன்பே ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க வழியில்லை என்றால் இந்த வருடம் வண்டி வேண்டாம்." கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். விற்கிறவன் வாயில் வருகிற வார்த்தையா என்பது அவர் கேள்வி. தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்த குடும்பங்களை அவரும் பார்த்தவர்தான் என்பதை ஞாபகப்படுத்தினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்த வரி இன்னும் இருக்கிறது.

2025 செப்டம்பர்

நாங்கள் செய்தது சரிதானா என்று பார்க்கச் சந்தர்ப்பம் தானாக வந்தது. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜிஎஸ்டி குறையும் என்று அறிவித்தார். மறுநாளே போன்கள் மாறிவிட்டன. புக் செய்தவர்கள் டெலிவரி வேண்டாம், பொறுக்கலாம் என்றார்கள். செப்டம்பர் 3-ல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு சொன்னது. 22-ல் நடைமுறைக்கு வந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசி வரை உள்ள சின்னக் கார்களுக்கு 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் போய் 18 சதவீதம். பெரிய கார்களுக்கு செஸ் இல்லாமல் 40. மின்சாரக் காருக்குப் பழையபடியே 5.

இடைப்பட்ட பத்தொன்பது நாளும் நோட்டில் ஒரே கேள்விதான்: "இப்ப அட்வான்ஸ் கட்டிட்டா பழைய வரியா, புது வரியா?" அக்கா கணக்குப் பிரிவில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேட்டு எழுதினார். பில்லும் டெலிவரியும் 22-க்குப் பிறகு என்றால் புது வரிதான், அட்வான்ஸ் முன்பே கட்டியிருந்தாலும் பரவாயில்லை. கூடவே, வரி குறைந்தாலும் குறையாத சங்கதிகளையும் தனியாகச் சொல்லியிருந்தார். சாலை வரியின் சதவீதம் அதேதான். வண்டி விலை இறங்கும் அளவுக்கு மட்டும் தொகை இறங்கும். விலை கீழ்ப்படிக்கு இறங்கினால்தான் சதவீதமும் மாறும். 10 லட்சத்துக்கு மேல் போகும் வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிக்கிறோமே, அது எங்கள் பைக்கு வருவதில்லை. உங்கள் பான் நம்பரில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இந்த டிசிஎஸ்ஸை ஷோரூம் சுருட்டும் காசு என்று நினைத்துச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தப் பக்கம் வந்த பிறகு, அதை போனிலேயே எங்கள் விற்பனைப் பையனுக்கு விளக்கிச் சொன்ன ஒரு கமுதிக்காரரைப் பற்றி நோட்டில் குறிப்பு இருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. மாடல் பக்கங்களுக்குக் கம்பெனி ஒப்புதல் வேண்டும் என்பதால் பாதி இன்னும் பிரசுர வாசனையோடுதான் இருக்கின்றன. மஞ்சள் போர்டு பக்கம் மூன்று தடவை எழுதியும் எங்களுக்கே திருப்தி இல்லை.

போன மாதம் பாம்பனிலிருந்து ஒருவர் கேட்டது நோட்டில் இருக்கிறது: "கரண்டு வண்டி எடுக்கலாம்னு இருக்கோம். புயல் நேரத்துல தெருவுல கடல் தண்ணி ஏறும். ஏறி நின்னா பேட்டரி என்னாகும்?" அக்கா கேட்டுவிட்டுப் போய்விட்டார், எழுதவில்லை. எங்கள் ஒர்க்ஷாப்பில் இன்னும் யாரும் அந்த பேட்டரியைக் கழற்றிப் பார்த்ததில்லை. மெக்கானிக் தம்பியைக் கம்பெனி பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் திரும்பி வந்ததும் முதலில் அக்காவோடு உட்கார வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.